செருப்புப் போட்ட துரியோதனன்

"...காலக் காட்டுடான்னா செருப்பக் காட்றான். இவன் காலப் புடிச்சிக்கினு நான் இன்னாத்த அழறது, நீயே சொல்லு தலைவரே. எச்சி துப்புனாகூட இவன் மேல நிக்காது, வழிஞ்சி ஓடிடும். என் கண்ணுத் தண்ணி மட்டும் நிக்கவா போவுது?"

படுகளத்தன்று முற்பகல் வெயிலில், மேளம் ஓய்ந்த சின்ன இடைவெளியில், எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற தங்கச்சி கோயில் கமிட்டித் தலைவரைப் பார்த்து இப்படிக் கேட்டாள். ஊரே சுற்றி நின்றது. நடுவில் துரியோதனன் மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தலைவர் கையிலிருந்த மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் சாகக் கிடக்கிறவன் காலில் செருப்பு எப்படி வந்தது, தொடை பிளந்து கிடக்கிறவன் ஏன் சிரிக்கிறான், இவற்றையெல்லாம் முதலில் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது. உள்ளூர்க்காரர்களுக்கே சரியாக விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற பக்கம், நெல்லும் கரும்பும் மனைப்பிரிவுக் கற்களும் மாறி மாறி வருகிற இடத்தில் எங்கள் ஊர். ஏரிக்கரை ஓரமாகத் திரௌபதி அம்மன் கோயில். பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. உள்ளே கையில் கிளியோடு அம்மன், பக்கத்து அறையில் மரத்தில் செதுக்கிய ஐவர், வாசலில் காவலுக்குப் போத்துராஜா. போத்துராஜாவின் ஒரு கையில் கத்தி, மறு கையில் வெட்டிய தலை. என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் அவரைப் பார்த்துவிட்டு, "இவரு யாரு, வட்டிக்கி வுடறவரா?" என்று கேட்டாள். அன்றைக்கே இவளோடு காலம் தள்ளலாம் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கோயில் எவ்வளவு பழையது? யாருக்கும் தெரியாது. ஒருமுறை பின்சுவர் சரிந்து அதைப் பிரித்துக் கட்டினார்கள். வேலைக்கு வந்த கொத்தனார் சுவரைக் காட்டி, "உள்ள போவப் போவ செங்கல்லு அளவு மாறிக்கினே போவுதுங்க. அவங்கவங்க காலத்துல அவங்கவங்க கைக்கு அடங்குனத வெச்சிருக்காங்க" என்றார். எனக்கு அதுவே போதுமான தல வரலாறாகப் பட்டது. கட்டினவர் பெயர் எங்கேயும் இல்லை. கட்டினவருக்கு அது ஒரு குறையாகவும் தோன்றியிருக்காது.

பழமை தெரியாதே தவிர, திருவிழாவின் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும். கோடை நடுவில் கொடி ஏறும். பகலில் பாரதம் படிப்பார்கள், இருட்டினால் கூத்து. கதையில் அம்மனுக்குக் கல்யாணம் என்றால் ஊரில் பத்திரிகை வைக்காத குறையாகக் கல்யாணம் நடக்கும். பகாசுரனுக்கு வண்டிச் சோறு போகும் நாளில் ஊர்ச் சோறுதான் போகும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பிள்ளை இல்லாத பெண்கள் ஈரத்துணியோடு கீழே உட்கார்ந்து, மேலிருந்து எலுமிச்சம்பழம் விழுமா என்று மடியை விரித்துக் காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். அன்று சாயங்காலமே தீமிதி.

படுகளத்துக்கு ஏரியிலிருந்து களிமண் எடுத்து வந்து, மிதித்துக் குழைத்து, திடலில் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். ஒரு லாரியை அவன் பக்கத்தில் நிறுத்தினால் லாரிதான் சின்னதாகத் தெரியும். தொடைக்குள் குங்குமத் தண்ணீர்ப் பானையைப் புதைத்துவிடுவார்கள். கூத்துக்காரர்களில் பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடும். தொடையில் அடி விழுந்ததும் பானை உடைந்து சிவப்பாகப் பொங்கும். அதைத் தொட்டு அம்மன் கூந்தலை முடிவாள். அது முடிந்ததும் காந்தாரி வருவாள். எங்கள் ஊருக்கு வருகிற கூத்து வாத்தியார்தான் அந்த வேஷம் கட்டுவார். வெள்ளைப் புடவை, ஒரு கையில் முறம், மறு கையில் துடைப்பம். வந்து மகன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால், மீசை முறுக்கிய ஆட்கள்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இது வரைக்கும் இந்தப் பக்கத்துப் பல ஊர்களில் உண்டு. எங்கள் ஊரில் இன்னொன்று உண்டு. அந்த வருஷத்தில் வயது வராத பிள்ளையையோ கல்யாணமாகாத பிள்ளையையோ பறிகொடுத்த தாய்மார்களைக் காந்தாரி கூப்பிடுவாள். "என்ன மாதிரி ஆனவளுங்க எல்லாம் வாங்கடி" என்பாள். அவர்கள் வந்து துரியோதனனின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த மண் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, அவரவர் பிள்ளையைச் சொல்லி அழுவார்கள். கெட்டவன் காலைப் பிடித்து ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அழுது முடிந்ததும் பாதத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய் ஏரியில் கரைப்பார்கள். மற்றதை ஊர் மிதித்துச் சேறாக்கிவிடும். அதோடு அந்தச் சாவு முடிந்தது. மறுநாளிலிருந்து அந்தத் தாய் நல்ல காரியங்களுக்குப் போகலாம், பூ வைக்கலாம், சிரிக்கலாம். அதுவரை எதற்கும் போகமாட்டார்கள். மகனைத் தூக்கிக் கொடுத்த ஒரு அம்மா எங்கள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "நூறு பெத்து நூறயும் குடுத்தவ எதிர்ல நிக்கிறா. அவ முன்னாடி என் ஒண்ண எறக்கி வெக்கிறதுக்கு எனக்கு இன்னா வெக்கம்?"

இப்போது தலைவரிடம் வருகிறேன்.

எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். கோயிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதே பேச்சுத் துணைக்குத்தான் என்று என் மனைவி சொல்வாள். ஆதார் நகல் எடுக்க வருகிறவரை உட்கார வைத்து அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்காமல் அனுப்புவதில்லை. குடித்துவிட்டு வருகிறவர், கோள் சொல்ல வருகிறவர், பக்கத்து வீட்டுக்காரன் மேல் மனு எழுத வருகிறவர், எல்லாரிடமும் என்னைக்காவது ஒரு நல்ல வார்த்தை அகப்பட்டுவிடும். தலைவரிடம் இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் ஏற்கெனவே ஃப்ளெக்ஸில் அச்சாகி வந்ததுதான். "பிரம்மாண்டமா பண்றம்" என்பார். கும்பாபிஷேகமும் பிரம்மாண்டம், சாக்கடைக்கு மூடி போடுவதும் பிரம்மாண்டம். கரும்பு நிலங்களை மனையாக்கி விற்று, டவுனை ஒட்டின மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர். வெள்ளிக்கிழமைகளில் வருவார். கார் எஞ்சினை அணைக்காமலேயே சாமி கும்பிடுகிற ஆளை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் தலைவராக வந்ததும் தல வரலாறு புத்தகம் போட வேண்டும் என்று என் கடைக்கு வந்தார். என்னைக் 'கம்ப்யூட்டரு' என்றுதான் கூப்பிடுவார்.

"கம்ப்யூட்டரு, பாண்டவருங்க வனவாசம் வந்தப்ப நம்ப ஊர்லதான் தங்குனாங்க. போடு."

போட்டேன்.

"அப்பறம் சோழ ராஜா வந்து திருப்பணி பண்ணாரு."

எந்தச் சோழர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பெரிய சோழரு" என்றார்.

அடுத்து, பிரெஞ்சுக்காரன் காலத்துக் கவர்னர் ஒருவர் இந்த வழியாகப் போகும்போது அம்மன் சக்தியால் குதிரை நகராமல் நின்று, இறங்கிக் கும்பிட்டுப் போனாராம். இதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாக் கோயில் புத்தகத்திலும் இருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் இல்லாமல் இருக்க வேண்டும் என்றார். பேசப் பேசக் குதிரை அவருக்குச் சின்னதாகப் பட்டுவிட்டது. யானை என்று மாற்றச் சொன்னார். கவர்னர் யானையிலா வருவார் என்றேன். "அப்ப ரெண்டும் வந்துச்சின்னு போடு" என்றார். இரண்டும் வந்தன. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு குதிரையும் ஒரு யானையும் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நகராமல் நின்றுகொண்டிருக்கின்றன.

படுகளத்தில் தாய்மார்கள் அழுகிற வழக்கத்தையும் எழுதலாமே, வேறு எங்கேயும் இல்லையே என்றேன். முகத்தைச் சுளித்தார். "அது சாவு சமாச்சாரம் கம்ப்யூட்டரு. படிக்கிறவன் அபசகுனம்னு கீழ போட்டுடுவான்." ஆக, ஒருநாளும் வராத பாண்டவருக்கு ஒரு பக்கம், வராத கவர்னருக்கு அரைப் பக்கம். வருஷா வருஷம் வந்து அழுகிற பெண்களுக்கு ஒரு வரி இல்லை. பின்னட்டை முழுக்கத் தலைவர், கைகூப்பிக்கொண்டு. கைகூப்புகிறபோதும் வாட்ச் தெரிகிற மாதிரிதான் கூப்பியிருந்தார்.

புத்தகத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அடுத்து திடலில் கை வைத்தார். படுகளத் திடல் முழுக்கப் பேவர் பிளாக் கற்கள் பதித்து, பக்கத்தில் கருங்கல்லில் தன் பெயரைப் பொறித்து வைத்தார். திடல் எதற்கு இருக்கிறதென்று கேட்டால் பார்க்கிங் என்றார். யார் வந்து நிறுத்தப்போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரில் பாதிப்பேர் சேதராப்பட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள், மீதிப்பேரிடம் இருப்பது மொபெட்டு. தீமிதிக்குழி இருக்கும் இடத்தை மட்டும் விட்டார்கள். அதுவும் பக்தியால் இல்லை, நெருப்புப் பட்டால் பிளாக் வெடித்துவிடும் என்று காண்ட்ராக்டர் சொன்னதால்.

பிளாக் போட்ட பிறகு களிமண்ணைக் கொண்டுவந்து அதன் மேல் கொட்ட மனம் வருமா? வராது. "ஏரியில மண்ணெடுக்க ஆள் தேடணும், மிதிக்க ஆள் தேடணும், அப்பறம் கழுவ ஆள் தேடணும். வருஷா வருஷம் இன்னாத்துக்கு இந்தத் தொல்ல? ஃபைபர்ல ஒருதரம் செஞ்சிட்டா முடிஞ்சிது. கழுவி, கவர் போட்டு ஷெட்ல வெச்சிடலாம்" என்று பொதுக்கூட்டத்தில் சொன்னார். கை தட்டினார்கள். ஆமாம், நம் ஆட்கள்தான் தட்டினார்கள். 'ஃபைபர்' என்ற வார்த்தைக்கே ஒரு மரியாதை இருக்கிறது. அதே கூட்டத்தில் வைக்கோல் என்று சொல்லியிருந்தால் எழுந்து சண்டைக்குப் போயிருப்பார்கள்.

துரியோதனன் துண்டு துண்டாகக் குட்டியானை வண்டிகளில் வந்து இறங்கினான். கடை வாசலில் நின்றுகொண்டே பார்த்தேன். முதலில் தலை வந்தது. சிரிக்கிறது. ஊர்வலத்துக்குச் செய்கிற ராஜா பொம்மையின் அச்சிலேயே இவனையும் வார்த்துவிட்டார்களாம். கன்னத்துக்கு ரோஸ் பெயிண்ட் வேறு. அப்புறம் நெஞ்சு. அதில் ஒரு ஓரமாகப் பட்டறைக்காரரின் போன் நம்பர். அப்புறம் தொடை. தொடையில் தண்ணீர் டேங்குக்குப் போடுகிற மாதிரி ஒரு வட்ட மூடி. பீமன் அடித்ததும் மூடியைத் திறந்துவிட்டால் குங்குமத் தண்ணீர் வரும். எங்கள் டீக்கடைக்காரர் வெளியே வந்து மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு வாரண்டி கீதா?" என்று கேட்டார். மீன்கார அம்மா கூடையை இறக்காமலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பீமன பாத்து அடிக்கச் சொல்லு, கை ஒடிஞ்சிடப்போவுது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கடைசியாகக் கால்கள் வந்தன. முன்னால் சுருண்ட, தங்கப் பெயிண்ட் அடித்த ராஜா செருப்புகள். பாதம் இல்லை, விரல் இல்லை. செருப்போடு சேர்த்து ஒரே வார்ப்பு.

தலைவர் பின்னாலேயே காரில் வந்து இறங்கி, செருப்பைத் தட்டி, "பாத்தியா கம்ப்யூட்டரு, ராஜா களை" என்றார்.

ராஜா களைதான். அந்த வருஷம் அந்தக் கால்மாட்டில் உட்கார வேண்டியவள் ஒரே ஒருத்தி. அவள்தான் மாவு விற்கிற தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை, தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

அவளுக்கு ஒரே மகன். அரியூர் பக்கம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான், போன வருஷத் திருவிழா முடிந்த கொஞ்ச நாளில். பிரேதப் பரிசோதனை முடித்துத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டைப் பிரிக்க வேண்டாம், பெண்கள் பார்க்கிற மாதிரி இல்லை என்று ஆண்கள் முடிவு செய்தார்கள். ஆம்புலன்ஸ் அவள் வீட்டு வாசலில் நின்றதே கொஞ்ச நேரம்தான், அப்படியே சுடுகாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. வண்டி கிளம்பியபோது நான் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். "மொகம் வேணாம், காலயாவது காட்டுங்கடா" என்று வண்டிக்குப் பின்னால் ஓடினாள். யாரும் காட்டவில்லை.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு அவன் படத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நண்பர்களோடு கடற்கரையில் நிற்கிற படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்தேன். தோளில் யாரோ ஒருத்தன் கை மிச்சமிருந்தது. அதை அழிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். "சிரிக்காத போட்டோ எதுனா கீதா ணா?" என்று மட்டும் கேட்டாள். அவன் போனில் இருந்த எல்லாப் படத்தையும் தேடினோம். ஒன்றிலும் அவன் சிரிக்காமல் இல்லை.

அதற்கப்புறம் வருஷம் முழுக்க அவள் அழுது நான் பார்க்கவில்லை. கிரைண்டர் ஓடும், மாவு பாக்கெட் போடுவாள், கணக்காகத் தெருவில் கொடுத்துவிட்டுப் போவாள். அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. சீமந்தத்துக்குப் போகவில்லை. யாராவது ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால், "படுகளத்துல பாத்துக்கறன்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். என் மனைவியிடம் ஒருமுறை, அழுகையை எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணி, இப்பவே செலவு பண்ணிட்டா அன்னைக்கு ஒண்ணும் வராது என்று சொன்னாளாம். மனைவி இதைச் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஃபைபர் வந்த சேதி தெரிந்ததும் தலைவரைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். கால் மட்டுமாவது மண்ணில் செய்து வைக்கச் சொல்லுங்கள், நானே ஏரியிலிருந்து மண் கொண்டுவருகிறேன் என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. தலைவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். உடம்பு ஃபைபர், கால் மட்டும் மண்ணாக இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும், லைவ் போகிறது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்கிறார்கள், சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று அடுக்கினார். கடைசியில், "அதான் அவ்ளோ பெரிய பொம்ம கீதேம்மா, அதும் மேல வுழுந்து அழு. அழுவறதுக்கு இன்னா, எதும் மேல அழுதா இன்னா?" என்றார்.

அவள் திரும்பி நடந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஹோமத்துக்குப் பதிலாக சீரியல் பல்பு போட்டீர்களா என்று கேட்டேன். அவருக்கு அது புரியவில்லை. சீரியல் பல்பும் போட்டோம் என்றார்.

படுகளம் வந்தது. ஃபைபர் துரியோதனனைத் திடலில் பூட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். வெயிலில் சூடு ஏறி, பெயிண்ட் வாசனை சாம்பிராணியையும் மீறி வந்தது. சண்டை ஆரம்பித்தது. மண் உடம்பில் சலங்கைக் கால் பதியும். இவன் மேல் பதியவில்லை, வழுக்கிற்று. துரியோதனன் வேஷக்காரர் நெஞ்சின் மேல் ஏறினார், கீழே வந்தார், மறுபடி ஏறினார். ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் காலி டிரம் மாதிரிச் சத்தம். பீமன் தொடையில் அடித்தார். மூடி திறக்கவில்லை. மறுபடி அடித்தார். திறக்கவில்லை. பட்டறையிலிருந்து வந்த ஆள் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்து நெம்பினார். குங்குமத் தண்ணீர் வந்து, உறிய மண் இல்லாமல், பிளாக்குகளின் இடுக்கு வழியாகச் சிறப்பு விருந்தினரின் நாற்காலி வரைக்கும் போனது. அவர் கால்களைத் தூக்கிக்கொண்டார். தலைவர் மைக்கில், பழமையும் புதுமையும் இணைந்த பிரம்மாண்டமான படுகளம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

அம்மன் கூந்தல் முடிந்தாள். வெள்ளைப் புடவையில் வாத்தியார் வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், அவர் குறை வைக்கவில்லை. ஆனால் ஒப்பாரி வைக்கிற முகத்துக்கு நேரே ஒரு ரோஸ் கன்னம் சிரித்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய்தான் அழுவாள்? இரண்டு அடி பாடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணோடுதான் மீதியைப் பாடினார். முடித்து, வழக்கம்போல, "என்ன மாதிரி ஆனவளுங்க வாங்கடி" என்றார். மேளம் ஓய்ந்தது.

தங்கச்சி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். மண் பாதத்தில் தெளிக்கத் தாய்மார்கள் கொண்டுவருகிற குடம். கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தத் தங்கச் செருப்பை இரண்டு கையாலும் பிடித்தாள். சூடு சுட்டிருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டாள். மறுபடி பிடித்தாள். நெற்றியை அதில் சாய்த்தாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. வருஷம் பூராவும் எடுத்து வைத்திருந்த அழுகை அவளுக்கு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். துக்கம் இல்லை, பயம் இருந்தது.

தலைவருக்கு அவசரம். வீடியோக்காரர் வேறு கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மைக்கிலேயே, "சீக்கிரம் அழும்மா, பூஜைக்கு நேரமாவுது" என்றார். அப்போதுதான் அவள் எழுந்து நின்று, செருப்பையும் எச்சிலையும் கண்ணீரையும் பற்றி நான் முதலில் எழுதினதைக் கேட்டாள்.

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. தீமிதிக்குழி வெட்டியவர்கள் போட்டுவிட்டுப் போன கடப்பாறை ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்து வந்தாள். செருப்புக்கு எதிரே ஒரு பேவர் பிளாக்கின் இடுக்கில் செருகி நெம்பினாள். அது வந்துவிட்டது. ஒன்று வந்ததும் அடுத்தது சுலபமாக வந்தது. பிரம்மாண்டத்தின் உறுதி அவ்வளவுதான். "ஏம்மா, ஏம்மா" என்றது மைக். வாத்தியார் வெள்ளைப் புடவையோடு எழுந்துபோய், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளுக்கும் தலைவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். காந்தாரியைத் தள்ளிவிட்டுப் போக லைவ் ஓடும்போது தலைவரால் முடியுமா?

பிளாக்குக்கு அடியில் எம்-சாண்ட் தூள் இருந்தது. அதைக் கையால் அள்ளி ஒதுக்கினாள். அதற்குக் கீழே சரளை. அதையும் ஒதுக்கினாள். அதற்கும் கீழே ஏரிக்கரையின் கறுப்புக் களிமண், ஈரத்தோடு அப்படியே இருந்தது. குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்தாள். தினமும் மாவு கரைக்கிற கை, பதம் தெரியும். ஒரு பாதம் செய்தாள். பக்கத்தில் இன்னொரு பாதம். துரியோதனனுக்குச் செய்கிற பெரிய பாதங்கள் இல்லை. சாதாரணமான, ஒரு பையனுடைய பாதங்கள். விரல்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

பிறகு அவற்றின் மேல் முகத்தை வைத்து, மகன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.